தாயிடம் தனியாகக் கேட்க வேண்டியவை

பாலூட்டும் தாயிடம் விவரம் சேகரிக்கும்போது அவர் தனியாக இருக்க வேண்டும். கணவர், பெற்றோர், மாமியார் உள்ளிட்ட குடும்பத்தார் எவரும் பேச்சு கேட்கும் தொலைவில் இருக்கக் கூடாது. அவர்கள் தாமாக முன்வந்து சொல்லும் பதில்களைப் பதிவு செய்யக் கூடாது.

களப்பணியாளர்களுக்கான அறிவுரைகளில் இது ஒன்று. இதைத் தமிழில் பெயர்த்தவன் நான். பொதுச் சுகாதார அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அன்றைக்கு 'பேச்சு கேட்கும் தொலைவு' என்ற சொல்லிலேயே ஒரு மதியம் போய்விட்டது. "காது கேட்கும் தூரம்னு போட்டுடாதீங்க, செவிட்டு மாமியாரெல்லாம் விலக்குக் கேட்டு மனு போடுவாங்க" என்று என் அதிகாரி சொன்னார். சிரித்துக்கொண்டே திருத்தினேன். சுத்தப் பிரதியில் கையெழுத்தானது. நாடு முழுக்க இல்லாவிட்டாலும், எங்கள் சரகம் முழுக்கப் போனது.

அந்த விதி போன வருடம் என் வீட்டுக்கே வந்தது. வந்தபோது நான் பிரம்பு நாற்காலியைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்குத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை மஸ்கட்டில். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. மறுநாள் அது விடாமல் அழுதது. ஒரு நர்ஸ் வந்தார், பொடிப்பாலைக் கலக்கினார், மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றி வாயோரம் வைத்தார். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கியது. தாய்க்குச் சொல்லாமல், மருத்துவக் காரணம் இல்லாமல் அப்படிக் கொடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை உண்டு. அதையும் அனுப்பியவன் நான்தான். அந்த நேரத்தில் எனக்குச் சுற்றறிக்கை ஞாபகம் வரவில்லை. நர்ஸுக்கு நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் சரியாக இறங்கவில்லை. குழந்தை வாய் வைத்தால் மகள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். புண்ணாகி ரத்தம் வந்திருக்கிறது என்பது எனக்குத் துவைக்கப் போட்ட துணியைப் பார்த்துத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் இதையெல்லாம் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. "அது இன்னும் சரியாகல்ல" என்பாள் மனைவி. "ஆகும்" என்பேன் நான். பணிக்காலம் முழுக்க 'மார்பகம்', 'தாய்ப்பால்' என்று கோப்பில் கூசாமல் எழுதினவனுக்குச் சொந்த மகள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்கள்.

"பால் கிட்டுகா மக்கா?"

மகள் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொள்வாள். "அதுக்கென்ன கொறை. நல்லா கிட்டுகு."

"பிள்ளை மெலிஞ்சில்லா இருக்கு."

"அது அவ அப்பன் ஜாடை."

மாப்பிள்ளை கொஞ்சம் தடித்த உடம்பு. வந்தவர்களும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்தான். ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. மீன் கொண்டுவருகிற கடற்கரை அம்மாள் மட்டும் கூடையை இறக்கிவைத்து மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காரல் குழம்பு வச்சுக் குடு தாயி. பெறவு இவ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேத்துக் குடுப்பா" என்றாள். காரல் மீன், பூண்டு, கருப்பட்டி எல்லாம் நடந்தது. பொடிப்பாலும் நடந்தது.

அந்த டின்னை வாங்கும் பொறுப்பு என்னுடையது. தெருமுனை மருந்துக்கடையில் வாங்க முடியாது. கடைக்காரருக்கு என்னைத் தெரியும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரம் கொண்டாடுவோம். 'புட்டிப்பால் தவிர்ப்போம்' என்ற சுவரொட்டியை அவர் கடைக் கண்ணாடியிலேயே ஒட்டச் சொன்னவன் நான். எனவே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிவரை போனேன். அங்கே அடிக்கிற காற்றில் வண்டி ஒருபக்கமாகவே சாய்ந்து போகும். காற்றாலைக் காற்றாடிகளுக்கு நடுவே, ஹெல்மெட்டைக் கழற்றாமல், முன்பின் தெரியாத ஒரு கடையில் நின்று டின் கேட்டேன்.

"பேரனா பேத்தியா சார்?"

"பக்கத்து வீட்டுக்கு" என்றேன்.

டின் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. அதன்மேல் ஒரு துவர்த்துத் துண்டு கிடக்கும். மனைவி அதை எடுக்கும்போதும் வைக்கும்போதும் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு புது ஏற்பாடு சோதனையாக நடந்துகொண்டிருந்தது. தாய்ப்பால் ஆலோசகர் என்று ஒரு நர்ஸைப் போட்டிருந்தார்கள். பிரசவமான வீடுகளுக்குப் போய், குழந்தையைப் பிடிக்கும் விதம், பால் கட்டினால் செய்ய வேண்டியது எல்லாம் சொல்லித்தருவது அவர் வேலை. வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்று இதை ஆய்வாக நடத்தியது. எந்தப் பகுதிகளில் தாய்மார்களுக்குச் சிரமம் இருக்கிறது என்று கணக்கெடுத்து, அந்தப் பகுதிகளில் மட்டும் ஆலோசகரை நிரந்தரமாக வைக்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரைப்பார்கள். நல்ல திட்டம். காகிதத்தில் பார்த்தால் நானே ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டேன்.

மகள் எங்களிடம் சொல்லாமல் அந்த ஆலோசகருக்குப் போன் செய்துவிட்டாள். ஒரு முற்பகலில் அவர் வந்து நின்றார். விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர், பேச்சில் பாதி மலையாளம். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனவர் அறை வாசலில் நின்றிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார் கொறச்சு நேரம் வெளிய நில்லுங்க."

நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. அதை மூட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்.

"அதுக்க வாய நல்லா தொறக்கட்டு மோளே. நுனிய மட்டும் குடுத்தா கடிக்கத்தான் செய்யும். அதுக்க பேருல குத்தமில்ல. ஒனக்க பேருலயும் இல்ல."

மகள் தணிந்த குரலில் டின் விஷயத்தைச் சொன்னாள். பிறகு, "அந்த டின்ன எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கு? சாராயமா?" என்று கேட்டார்.

மகள் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"டின்ன ஒரேயடியா நிப்பாட்டாண்டாம். பிள்ளை பட்டினி கிடக்கப்பிடாது. முதல்ல இங்க குடு, பத்தல்லன்னா பெறவு அது. மெல்ல மெல்ல கொறச்சுக்கிடலாம்."

அவர் தொடர்ந்து வந்தார். மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. இடப்பக்கம் சரியானது, வலப்பக்கம் சரியாகவில்லை. சாயங்காலத்துக்கு டின் வேண்டியிருந்தது. ஆனால் ஆரல்வாய்மொழிக்கு நான் போவது குறைந்தது. மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தானாகப் பாட்டு முணுமுணுப்பதும் காதில் விழுந்தது. முழுக்கத் தன் பாலிலேயே வளர்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதைத் தன் தாயிடம்கூடச் சொன்னதில்லை. ஆலோசகரிடம் சொல்லியிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆய்வுக்காக அந்தப் பெண் வந்தாள். மருத்துவ மேல்படிப்பு மாணவி. வடக்குப் பக்கத்துத் தமிழ். கையில் டேப்லட், தோளில் பை, முகமெல்லாம் வியர்வை. மகள் குழந்தையோடு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மனைவி டீயும் நேந்திரங்காய் வற்றலும் கொண்டுவந்து வைத்தாள். நான் முன்பே சொன்ன நாற்காலியில் இருந்தேன்.

அந்தப் பெண் டீயைத் தொடவில்லை. "சார், இவங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்றாள்.

"தாராளமா கேளுங்கம்மா. நானும் டிப்பார்ட்மெண்டுதான். இந்த மாதிரி கேள்வித்தாள் எத்தனையோ நம்ம கையாலதான் போயிருக்கு."

"இல்ல சார், ரூல் என்னன்னா..."

"ரூல் எனக்குத் தெரியும்மா" என்றேன்.

தெரியும். அதனால்தான் அவளால் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை. விதி தெரியாதவனை ஒரு விதியைக் காட்டி வெளியே அனுப்பலாம். தெரிந்தவன் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? கண்டிப்பான ஆளாக இருந்தால் பையை மூடிக்கொண்டு எழுந்திருப்பாள். இவள் என் மகளைவிட இளையவள். கேட்கத் தொடங்கினாள்.

"நேத்து இந்நேரத்துல இருந்து இதுவரைக்கும் குழந்தைக்கு என்னென்ன குடுத்தீங்க?"

மகள் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணிகூட கிடையாது" என்றேன் நான். சுவரொட்டியின் வாசகம். ஒரு சொல் பிசகவில்லை.

"தாய்ப்பால்தான்" என்றாள் மகள்.

"வேற எதுவும் இல்லையா?"

"இல்ல."

"பால் குடுக்கறதுல சிரமம், வலி, புண் ஏதாவது?"

"எங்க குடும்பத்துல அப்படி ஒரு கொறையும் கிடையாது மக்கா" என்றாள் மனைவி. "வத்தல் எடுத்துக்கிடு."

"ஆலோசகர் வந்தாங்களா? உதவியா இருந்துச்சா?"

மகள் குழந்தையின் காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போது அடுப்படிச் சத்தம் கேட்டது. பாலாடையைக் கொதிநீரில் போட்டிருந்தோம். அது பாத்திரத்தில் முட்டி முட்டிக் கிணுகிணுத்தது. அந்தப் பெண் ஒரு நொடி அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

"வந்தாவ" என்றேன். "ஒரு மரியாதைக்கு வந்துட்டுப் போனாவ. அவசியம் ஒண்ணும் இருந்ததில்ல."

அவள் டேப்லட்டில் விரலால் தொட்டாள். நான்கைந்து இடத்தில் தொட்டதும் என் வீடு முடிந்தது. வாசல்வரை போய் வழியனுப்பினேன். அடுத்த வீட்டுக்கு எப்படிப் போவது என்றும் சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்தபோது மகள் அறைக்குள் போயிருந்தாள். "பாலாடை ஆறிட்டாம்மா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

எங்கள் ஊர்க்காரர்களிடம் கேள்வி கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்கு வீடு படித்தவர்கள். எதைக் கேட்டாலும் சரியான விடை எது என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். நடந்தது எது என்று யோசிக்கும் வழக்கம் இல்லை. பரீட்சை எழுதித்தான் பழக்கம். அந்தப் பெண் போன ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தலைமையாசிரியரோ வங்கி மேலாளரோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பகுதி மொத்தமாக முதல் வகுப்பில் தேறிவிட்டது.

சில வாரங்களில் ஆலோசகர் வருவது நின்றது. மகள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"எங்கள இஞ்சேருந்து எடுத்தாச்சு மோளே. நமக்க ஏரியாவுல ஒரு அம்மைக்கும் ஒரு பிரச்சனையும் இல்லியாம். பின்ன எனக்கு இஞ்ச என்ன சோலி? வேற ஜில்லாவுக்குப் போகச் சொல்லியாச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நீ என்ன சொன்னே அவ்வோகிட்ட?" என்று கேட்டார்.

நான் எழுந்து தோட்டத்துக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அதற்குப் பிறகு வலப்பக்கம் பால் கட்டிக்கொண்டது. கல் மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னாள். காய்ச்சல் வந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். எப்படிக் கொடுப்பது என்று உட்கார்ந்து காட்டித்தர அவருக்கு நேரமில்லை. வெளியே வரிசை நின்றது. வலியில் மகள் குழந்தையைத் தள்ளிப் பிடித்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆரல்வாய்மொழிக்கு நான் மறுபடியும் அடிக்கடி போனேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மனு. எழுதினேன். 'இப்பகுதித் தாய்மார்களின் நலன் கருதி ஆலோசகர் சேவையைத் தொடர ஆவன செய்யுமாறு' என்று அழகாக அமைந்தது. மகளிடம் காட்டினேன். படுத்தபடியே படித்தாள்.

"இப்பகுதித் தாய்மார்கள்னா ஆருப்பா?"

"பொதுவா சொல்லுகது மக்களே."

"இதுல நான் எங்க இருக்கேன்?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அன்னைக்கு நீங்க கொஞ்ச நேரம் எந்திச்சு வெளிய போயிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

"நான் இருந்தா என்ன, நீ சொல்லியிருக்கலாமே."

"உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டா?"

கோபமாகச் சொல்லவில்லை. காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என் முகம் அவளுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதை அறிவேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

தனியாக நான் மட்டும் எழுதினால் எடுபடாது என்று, பொடிப்பால் வாங்கும் வீடுகள் சிலவற்றுக்குக் கையெழுத்துக் கேட்டுப் போனேன். ஒரு வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருந்தார். மருமகள் உள்ளே குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் காலியான பொடிப்பால் டின் ஒன்றில் பேனாக்கள் நின்றன. "எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லையே சார்" என்றார் அவர், என் கண்ணைப் பார்த்து. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். என் கூடத்தில் கேட்ட குரல்தான். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மனுவைத் திரும்ப எழுதினேன். 'மேற்படி ஆய்வின்போது எனது இல்லத்தில் அளிக்கப்பட்ட விவரங்கள் உண்மைக்குப் புறம்பானவை. என் மகளைப் பேச விடாமல் அவற்றை அளித்தவன் நான். அவற்றைத் திருத்தி, தேவையை மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்.' மகள் படித்துவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டாள்.

"ஊரு பூரா நகல் போட்டுறாதீங்கோ" என்றாள் மனைவி.

நகல் போடவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு மனு எந்தெந்த மேஜை வழியாகப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த மேஜைகளில் இருப்பவர்களும் என்னிடம் வேலை பழகியவர்கள். நான் எதிர்பார்த்தபடி ஒருவன் போன் செய்தான்.

"சார், இங்க ஒரு மனு வந்திருக்கு. நம்ம சாருக்க பேரு போட்டிருக்கு."

"என்னுடையதுதான்."

"படிச்சேன் சார்." அவன் குரலைத் தாழ்த்தினான். "வேணும்னா இதைப் பதிவு பண்ணாம எடுத்து வச்சிரட்டுமா? ஆரும் பாக்கல்ல."

என்மேல் அவனுக்கு உள்ள மரியாதை அது. எனக்கு உடனே சரி என்று சொல்லத்தான் தோன்றியது. சொல்லியிருந்தால் மகளுக்குத் தெரிந்திருக்காது. மனுவுக்குப் பதில் வரவில்லை என்று அவளும் நம்பியிருப்பாள். அதை நம்புவது இந்த நாட்டில் யாருக்கும் கஷ்டமில்லை. உள்ளறையில் குழந்தை அழுதது. மகள் அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தமும் கேட்டது.

"பதிவு பண்ணுப்பா" என்றேன்.

"செரி சார்" என்றான். அதற்கப்புறம் அவன் என்னைக் கடைத்தெருவில் பார்த்தாலும் கொஞ்சம் முன்னதாகவே வேறு பக்கம் திரும்பிவிடுகிறான். எனக்காகத்தான் அப்படிச் செய்கிறான் என்பது புரிகிறது.

பிறகு காத்திருப்பு. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். அது 'மேல்நடவடிக்கைக்காக' எங்கெங்கோ போனது. வீட்டில் ஒரு காலையில் மகள் அறையிலிருந்து வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"இனி வராதுப்பா. வத்திப்போச்சு" என்றாள்.

பாலைப் பற்றி அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுவே முதல் தடவை. நான் தலையை ஆட்டினேன். 'பரவாயில்லை' என்ற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை என்று தெரிந்ததால் விழுங்கிவிட்டேன்.

அன்று முதல் டின் சாப்பாட்டு மேஜையில், துவர்த்து இல்லாமல் இருக்கிறது. தெருமுனைக் கடையிலேயே வாங்குகிறேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, கவரில் போட்டுத் தருகிறார். குழந்தை நன்றாக வளர்கிறாள், பிடித்துக்கொண்டு உட்காருகிறாள், என் கண்ணாடியைப் பிடுங்குகிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கிடைக்காமல் போனது அவள் தாய்க்கு. கேட்டது ஒரு சின்ன உதவி. வீட்டு வாசல்வரை வந்த உதவி.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியிருந்தாள். லேப்டாப்பை மூடிவிட்டு உறையை அவளே பிரித்து, எனக்கும் கேட்கும்படி வாசித்தாள். ஆய்வில் பங்கேற்றோரின் அடையாளங்கள் நீக்கப்பட்டுவிட்டதால், எந்த விவரம் எந்த இல்லத்தில் பெறப்பட்டது என்று கண்டறிய இயலாது. எனவே திருத்தம் செய்ய வழியில்லை. ஆய்வு முடிவுகளின்படி தங்கள் பகுதிக்கு ஆலோசகர் தேவை எழவில்லை. தங்களது சமூக அக்கறைக்கு நன்றி.

நல்ல வரைவு. தப்புக் கண்டுபிடிக்க முடியாத வரைவு.

"அப்ப நாம சொன்னது அப்படியே நிக்கும்" என்றாள்.

"நான் சொன்னது" என்றேன்.

அவள் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். பொடிப்பால் கலக்க வெந்நீர் எடுத்துவர அடுப்படிக்குப் போனாள்.

அன்று மாசி மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்காக மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அது தபால் அலுவலகத்துக்குப் பொருந்தாது என்பதால்தான் பதில் அன்றைக்கே கைக்கு வந்தது.